ஊர்ப்பொருளும் அரசுப்பொருளும்: மதுரை நாடக மேடையின் உரிமை பற்றிய ஓர் ஆராய்ச்சி

நாடகத் தமிழின் வரலாற்றை எழுதிய அறிஞர்கள் நூலாசிரியரையும் நாடகக் குழுக்களையும் நடிகரையும் பற்றி நிரம்ப எழுதியுள்ளனர். மேடைக்கு வேண்டிய பொருளை எவர் தந்தனர், தந்தவர் அதற்கு ஈடாக எதனைக் கேட்டனர் என்னும் வினா அவ்வரலாறுகளிற் பெரும்பாலும் தனித்தலைப்புப் பெறவில்லை. இலக்கிய மாணவர்க்கு இவ்வினா வெறும் வணிகக் கணக்காகத் தோன்றலாம். ஆயின் நாடகம் பலர் கூடிச் செய்யும் கலை. கவிஞன் தனித்திருந்து பாடிவிடலாம். கூத்தனுக்கோ களமும் விளக்கும் பக்கத்தாரும் இரவு உணவும் வேண்டும். ஆதலின் பொருள் வரும் வழி மாறும்போது மேடையிற் பேசப்படுவதும் மாறுகின்றது. மதுரை நகரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் களமாகக் கொண்டு இம்மாற்றத்தை ஈண்டு நோக்குவாம்.

பொருள் தந்தவரைக் குறித்து வைக்கும் வழக்கம் நம் பழைய சான்றுகளில் உண்டு. மாதவியின் அரங்கேற்றத்தைக் கூறவந்த இளங்கோவடிகள் அரங்கின் அளவையும் ஆடலாசிரியன், இசையாசிரியன் முதலியோர் இலக்கணத்தையும் விரித்தபின், அவள் மன்னனிடம் பெற்ற ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னையும் மறவாது சொல்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடும் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கும் அவன் வழியினர்க்கும் நாள்தோறும் நெல் ஒரு தூணியாக ஆண்டொன்றுக்கு 120 கலம் அளக்கும்படி அஃது ஆணையிடுகின்றது. மூன்று தூணி ஒரு கலமாதலின், ஆண்டிற்கு 360 நாள் எனக் கொண்டு கணக்கிட்டிருக்கின்றனர் என்பது தெளிவு. ஆடல் வைகாசியில் மட்டுமே நிகழ, நெல்லோ ஆண்டு முழுவதும் அளக்கப்பட்டது. கலைஞன் ஆடாத நாளிலும் உண்ண வேண்டும் என்னும் எளிய உண்மையை அவ்வரசு உணர்ந்திருந்தது. அந்நாடகம் இன்று கிடைத்திலது. நெற்கணக்கு மட்டும் கல்லில் நிற்கிறது. கொடுத்தவன் குலத்தரசன் பெயரே நாடகத்தின் பெயராகவும் அமைந்தமை கருதத்தக்கது.

இனி, மதுரைக்கு வருவோம். 1918ஆம் ஆண்டில் தவத்திரு சங்கரதாச சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். டி.கே.எஸ். உடன்பிறந்தார் நடிப்புப் பயின்றது இச்சபையிலேயாம். பால சபைகளின் பொருள்வழி நுழைவுச்சீட்டு. கொட்டகை எடுத்து, நாள்தோறும் நாடகம் நடத்தி, வரும்படி குறைந்தால் அடுத்த ஊர்க்குப் பெயர்வர். சுவாமிகள் எழுதிய நாடகங்களும் அவற்றின் பாடல்களும் சிறுவர்க்கு மனப்பாடமாக்கப்பட்டன. ஆசிரியர் வகுத்த சொல் மேடையில் மாறலாகாது என்பது ஒழுங்கு. 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் சுவாமிகள் புதுச்சேரியிற் காலமானார். 1931இல் 'காளிதாஸ்' பேசும் படம் வந்தபின் சீட்டு விற்று வாழ்ந்த குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன.

தளராது நின்றது 'ஸ்பெஷல் நாடகம்' என்று மதுரைப் பகுதியார் வழங்கும் வகை. பெயர் ஆங்கிலமாயினும் பொருள் முற்றும் நாட்டுப்புறத்தது. இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். பல்கலைக்கழக ஆய்வுகளில் இதற்குக் கிடைத்த இடம் இதன் பெருமைக்கு ஏற்றதன்று. இவ்வகையில் குழு என்பதே இல்லை. இராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு ஆகிய ஒவ்வொருவரும் தனித்தனியே பேசி அமர்த்தப்படுகின்றனர். பல ஊர்களிலிருந்து வந்து, அன்றிரவே ஒப்பனை இடத்தில் ஒருவரையொருவர் காண்பாரும் உண்டு. ஒத்திகை இல்லை; இயக்குநர் இல்லை. வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திர மயான காண்டம் முதலியவற்றின் கதையமைப்பும் சுவாமிகள் பாடல்களும் அனைவர்க்கும் பொதுவுடைமை. எஞ்சிய உரையாடல் அவ்விரவில் அவ்விடத்தில் பிறப்பது. வள்ளிக்கும் நாரதர்க்கும் நிகழும் தர்க்கத்தில் எவர் வெல்வார் என்பது கதையிற் பெரும்பாலும் முடிந்த செய்தியாயினும், எவ்வாறு வெல்வார் என்பதைக் காணவே ஊரார் விடியும்வரை அமர்ந்திருக்கின்றனர்.

இதற்குப் பொருள் தருவது ஊர். மாசி தொடங்கி ஆடி முடியக் கோயிற் கொடை நிகழும் ஊர்களில், விழாக்குழுவினர் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரித்து, ஏஜெண்டு வழியாகவோ நேரிலோ நடிகரிடம் முன்பணம் கொடுத்து நாளைப் பதிவு செய்கின்றனர். நடிகர் படங்களும் வேடப் பெயர்களும் கொண்ட நோட்டீஸ் அச்சாகின்றது. காண வருவார்க்குச் சீட்டு இல்லை. வரி கொடாத அயலூராரும் பாய் விரித்து அமரலாம். கொடுக்கும் பொருள் தெய்வத்திற்குச் செய்யும் கடனாகக் கருதப்படுதலின், மழை பொய்த்த ஆண்டிலும் தொகை குறையுமேயன்றி நாடகம் எளிதில் நிற்பதில்லை.

இவ்வமைப்பிற்கும் மேடையுரிமைக்கும் உள்ள தொடர்பைச் சட்ட வரலாறு காட்டுகின்றது. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் பிரித்தானிய அரசு இயற்றியது. இளவரசர் வருகையை ஒட்டிக் கல்கத்தா மேடையில் எழுந்த எள்ளல் நாடகமே அதற்கு உடனடிக் காரணம். அவதூறானவை, அரசின்மேல் வெறுப்பை மூட்டக்கூடியவை, காண்போர் ஒழுக்கத்தைக் கெடுக்கக்கூடியவை ஆகிய நாடகங்களைத் தடுக்க அச்சட்டம் அதிகாரம் தந்தது. அதன் 10ஆம் பிரிவின்படி, அரசு அறிவித்த இடங்களில் உரிமம் பெற்றே ஆடவேண்டும். எழுதப்பட்ட நாடகமாயின் அதன் படியை மூன்று நாள் முன்னதாகக் கொடுத்தலும் வேண்டும். அச்சட்டத்தின் 12ஆம் பிரிவோ சமய விழாக்களில் நிகழும் ஜாத்திரை முதலிய ஆட்டங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என விலக்களித்தது.

இவ்விரு பிரிவுகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குக. சட்டம் இயற்றினோர் நாடகம் என்பதை ஏட்டில் எழுதி, கொட்டகையில் நடித்து, சீட்டு விற்பதாகக் கருதினர். இலண்டனில் அவர்கள் கண்ட வழக்கம் அது. அங்கே 1737 முதல் நாடகப் பிரதியைப் படித்து இசைவளிக்கும் அரண்மனை அதிகாரி ஒருவர் இருந்தார், அம்முறை 1968இலேதான் ஒழிந்தது. மதுரைச் சீமையிலோ கோயில் விழாவில், எழுதாத உரையாடலைக் கொண்டு, ஊர்ப்பொருளில் நாடகம் நடந்தது. பிரதியைக் கொணர்க என்றால் கொணர்வதற்கு ஒன்றும் இல்லை. உரிமம் எங்கே என்றால் விழாவிற்கு விலக்கு உண்டு எனலாம். தடை செய்வதற்கு ஒரு குழு முதலாளியோ ஒரு கொட்டகையோகூட இல்லை. 124அ, 144 முதலிய பிற பிரிவுகள் காவலர் கையில் இருந்தமையின் நடிகர் துன்புறாமல் இல்லை. ஆயினும் ஆட்டத்திற்கு முன்னரே வாயடைக்கும் கருவி இங்கே கூர்மழுங்கிற்று என்பது எம் கருத்து.

தியாகி விசுவநாததாசு இதற்குத் தலையாய சான்று. சிவகாசியிற் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். மருத்துவர் எனப்படும் முடிதிருத்துவோர் குலத்தவர். அவர் நாட்டுரிமைப் பாடல்களுக்கென்று புதிய நாடகம் எதனையும் தேடவில்லை. முருகனாக வேடம் புனைந்து, வள்ளி திருமணத்தினுள்ளேயே அப்பாடல்களைப் பாடினார். தினைப்புனத்தில் வள்ளி பறவை ஓட்டும் காட்சி தமிழர் அனைவரும் அறிந்தது. அப்பறவை வெள்ளைக் கொக்காக மாறியவுடன் கூட்டம் பொருள் உணர்ந்து ஆர்ப்பரித்தது. பன்முறை சிறைப்பட்டும் அவர் பாடுதலை விடவில்லை. 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் சென்னை இராயல் தியேட்டரில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தார். அக்கால மேடைகளுக்குப் பாடல் எழுதிய மதுரகவி பாஸ்கரதாசின் (1892–1952) நாட்குறிப்புகள் அவர் பெயரர் ச. முருகபூபதி முயற்சியால் நூலாகியுள்ளன. நாடக வரலாறு எழுதுவோர் அவற்றைப் பாடலுக்காக மட்டுமன்றி, ஒரு மேடைப் புலவன் நாள்தோறும் எவ்வாறு வாழ்ந்தான் என்பதற்காகவும் படிக்க வேண்டும்.

இனி ஒரு மறுப்புக்கு விடை கூறல் வேண்டும். ஊர்ப்பொருள் உரிமை தந்தது என்றால், அவ்வுரிமை எல்லையற்றதோ எனின், அன்று. ஊர் கேட்பது வள்ளி திருமணமே. புதுக்கதை ஒன்றை எழுதி வந்து இதனை நடிப்போம் என்று எந்த இராஜபார்ட்டும் சொல்லுதல் அரிது. சொன்னாலும் முன்பணம் கிடையாது. விழாக்குழுவில் எச்சாதியார் அமர்ந்துள்ளனரோ அவரைச் சுடும் சொல் மேடையிற் பிறவாது. நடிகையர்பால் ஊர் காட்டும் மதிப்பும் இரட்டை நாவுடையது: இரவெல்லாம் வள்ளியாக வணங்கப்படுபவர் விடிந்தபின் பேருந்து நிறுத்தத்திற் பெறும் பார்வை வேறு. சூசன் சைசர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மதுரைக் கலைஞரிடையே தங்கி ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட நூல் இவ்விழிவைப் பற்றியதே. அவ்வாராய்ச்சி தமிழ்த்துறை ஒன்றிலிருந்து முதலில் எழாமற் போனது நமக்கு வருத்தமே. ஆகவே, ஸ்பெஷல் நாடகத்தில் இடைச்சொல்லுக்கு உரிமை உண்டு, கதைக்கு உரிமை இல்லை என்று வரையறுத்துக் கொள்ளலாம்.

கதையுரிமை வேண்டியவர்கள் வேறு பொருள்வழி தேடினர். விடுதலைக்குப்பின் அரசே புரவலராக முன்வந்தது. 1953 ஜனவரியில் தில்லியில் சங்கீத நாடக அகாதெமி தொடங்கப்பெற்றது. 1955இல் சென்னை மாநிலச் சங்கீத நாடக சங்கம் அமைந்தது, அதுவே பின்னர் இயல் இசை நாடக மன்றமாயிற்று. இவ்விரண்டிற்கும் நடுவே, 1954இல், சென்னை அரசு தனக்கென ஒரு நாடகச் சட்டத்தையும் இயற்றியது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் கருதியே அச்சட்டம் வந்தது என்பது பலரும் ஒப்பிய செய்தி. ஈராண்டு இடைவெளியில் ஒரே ஆட்சியமைப்பு ஒரு கையாற் பொருள் நீட்டி, மறு கையாற் பிரதி கேட்டது. வடக்கே, பிரேம்சந்தின் 'ஈத்கா' கதையை 1953இல் இலக்னோவில் நடித்தோர்மீது தொடுத்த வழக்கில் 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் கூறுகள் அரசியலமைப்பிற்கு முரணானவை என அலகாபாத் உயர்நீதிமன்றம் 1956இலேயே தீர்ப்பளித்தது. தமிழகத்துச் சட்டமோ பரீக்ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முதன்மைப் பிரிவுகளைச் செல்லாதென அறிவிக்கும்வரை நின்றது. மூலச்சட்டமாகிய 1876ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியது 2018இல் நடைமுறைக்கு வந்தது. தடை விதித்த சட்டங்கள் இவ்வாறு ஒழிந்தன. ஒழிந்த காலத்தில் நடிப்பதற்குரிய பொருளும் பெரிதும் வற்றியிருந்தது என்பதே நாம் எடுத்துக்காட்ட விழைவது.

மதுரையை அடுத்த காந்திகிராமத்தில் 1977இல் சே. இராமானுசம் முதலியோர் நடத்திய நாடகப் பயிலரங்கு புதிய தமிழ் நாடகத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அதன் பின்னர் மு. இராமசாமி மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தோற்றுவித்தார். கிரேக்க அந்திகொனியின் தழுவலாகிய 'துர்க்கிர அவலம்', 2003இல் அரங்கேறிய 'கலகக்காரர் தோழர் பெரியார்' ஆகியன அவ்வியக்கத்தின் பெயர் நிறுத்தியவை. ஆசிரியரும் மாணவரும் அலுவலரும் மாலையிற் கூடிப் பயின்று நடிக்கும் இத்தகைய குழுக்களுக்கு ஊர்வரி இல்லை; கோயில் விழா இல்லை; சீட்டு வாங்கிக் காணும் வழக்கமும் பார்வையாளரிடம் ஊன்றவில்லை.

இக்குழுக்களுக்கு 1984 முதல் 1994 வரை ஒரு வாயில் திறந்திருந்தது. இளம் நாடகத்தார்க்கு உதவி என்னும் பெயரால் சங்கீத நாடக அகாதெமி நடத்திய திட்டமே அது. இயக்குநர் தம் திட்டத்தை அனுப்புவர். தேர்ந்தவர்க்குத் தொகை வழங்கப்பெறும். மண்டல விழாவில் நாடகம் நிகழும். அதிலும் தேர்ந்தது தில்லிக்குச் செல்லும். மரபுவழிக் கலைக்கூறுகளை எடுத்தாண்ட நாடகங்களையே அத்திட்டம் விரும்பியது. அதன் பயனாகத் தெருக்கூத்தின் அடவும் கட்டியங்காரனும் நகரத்து இளைஞர் மேடைக்கு வந்தன; இது நன்மையே. ஆயின் கதைக்கு வேண்டினும் வேண்டாவிடினும் பறையும் அடவும் நுழைந்த நாடகங்களும் பல வந்தன. தடுக்கும் அரசாணையைக் கலைஞர் எதிர்த்து வழக்காடலாம். விரும்பும் அரசாணை அவ்வாறு வெளிப்பட நிற்பதில்லை. விண்ணப்பத்தை எழுதும்போதே கை தானாக வளைகின்றது. நாடகப் பிரதியைக் காவலர் படிப்பதற்கு முன் நிதிக்குழு படித்தது எனின் மிகையாகாது. அவ்வளைவையும் பொருட்படுத்தாது நல்ல நாடகம் செய்தோர் இருந்தனர் என்பதையும் உடன் கூறுதல் நேர்மை.

1994இல் அத்திட்டம் நின்றது. அயல்நாட்டு ஃபோர்டு அறக்கட்டளை போன்றவை தந்த நல்கை சென்னைக் கூத்துப்பட்டறை போன்ற சிலவற்றிற்குக் கைகொடுத்தது. மதுரை போன்ற நகரங்களின் மாலைநேரக் குழுக்களுக்கு அது பரவலாக எட்டவில்லை. இயல் இசை நாடக மன்றம் புதிய நாடகத் தயாரிப்புக்கு உதவி வழங்குவதுண்டு. ஒரு முறை அரங்கேற்றுவதற்கு அது உதவும். பத்து ஊர்களில் ஆடுவதற்கு அன்று. முன்னர்க் கண்ட தஞ்சைக் கல்வெட்டின் நாள்தோறும் ஒரு தூணி என்னும் கணக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. ஒருமுறைக் கொடை நாடகத்தைப் பிறப்பிக்கலாம்; குழுவை வாழ்விப்பது ஆட்டமில்லா நாளின் நெல்.

அரசுப்பொருளை நம்பிய மேடை திடுமென நின்றதற்கு அமெரிக்கக் கூட்டாட்சி நாடகத் திட்டம் பெரிய எடுத்துக்காட்டு. வேலையற்ற நாடகத்தார்க்கு ஊதியம் தர 1935இல் அது தொடங்கப்பெற்றது. பொதுவுடைமைக் கருத்துப் பரப்புகிறது என்னும் குற்றச்சாட்டு எழ, 1939 ஜூன் 30ஆம் நாளோடு அந்நாட்டுப் பேரவை அதனை நிறுத்தியது. ஒரு நாடகத்தையும் தனித்துத் தடை செய்ய வேண்டிய தேவை பேரவைக்கு நேரவில்லை. வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரியை அடித்தல் போதியதாயிற்று. நம் நாட்டுத் திட்டம் கருத்து மாறுபாட்டால் நின்றதன்று. நிறுத்தும் முறை மட்டும் ஒன்றே.

ஊர்ப்பொருளில் வாழும் ஸ்பெஷல் நாடகத்திற்கும் இன்று நெருக்கடி வேறு வாயிலாக வந்துள்ளது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களை முன்னிட்டு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை தளர்த்த மாநில அரசிற்கு அதிகாரம் உண்டு. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியலில் முடிவதே இந்நாடகத்தின் இலக்கணம். பபூன் காமிக்கும் டான்ஸும் முடிந்து நாரதர் வருவதற்குள் நள்ளிரவாகிவிடும். விதியைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றினால் வள்ளிக்குத் திருமணமே நடவாது. நோயாளியும் தேர்வெழுதும் மாணவரும் உறங்க வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் தொழிற்சாலையையும் திருமண மண்டபத்தையும் கருதி வகுத்த விதி ஆண்டிற்கு ஓரிரவு ஆடும் ஊர்க்கலையையும் அதே கோலால் அளக்கின்றது. காவல் நிலைய அனுமதி கிடையாத விழாக்குழுவினர் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடுவதும், நேர வரம்பும் உள்ளடக்க வரம்பும் கூடிய அனுமதியைப் பெற்று வருவதும் திருவிழாக் காலத்தின் வழக்கமான செய்திகளாயின. 1876ஆம் ஆண்டுச் சட்டம் சமய விழாவிற்கு விட்டுவைத்த விலக்கு இங்ஙனம் வேறொரு கதவால் சுருங்கியது. 2020, 2021 ஆகிய ஈராண்டிலும் பெருந்தொற்றினாற் பங்குனி, சித்திரை விழாக்கள் தடைப்பட்டபோது, நாள் பதிவு ஒன்றையே நம்பிய நடிகர்க்கு அவ்வாண்டு முழுமைக்குமான வருவாய் அற்றது.

கோரிப்பாளையத்தில் நின்று பார்ப்பார்க்கு இவ்விரு மேடைகளின் நிலையும் ஒருங்கே புலப்படும். 1889இல் எழுந்த ஆல்பர்ட் விக்டர் பாலம் வையையைக் கடந்து வடகரை சேரும் இடம் அது. ஒருபால் அமெரிக்கன் கல்லூரி. அருகே தமுக்கம் மைதானம், அதில் 2022 முதல் புதிய மாநாட்டு மையம். மாநாட்டிற்கும் கண்காட்சிக்கும் அளவெடுத்த கூடம் நூறு பேர் அமர்ந்து காணும் சிறு நாடகத்திற்கு உதவுவதில்லை. நகரத்துக் குழு பெரும்பாலும் கல்லூரி அரங்கின் இசைவுக்குக் காத்திருக்கிறது. இசைவு தரும் நிறுவனம் நாடகப் பொருள் யாது என்று கேட்பதும் இயல்பே. 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பு காவலர் கேள்வியை நீக்கியது. இக்கேள்வியை எந்தத் தீர்ப்பும் நீக்கவியலாது. நகராட்சிப் பொருளில் எவர்க்கும் வாடகைக்குக் கிடைக்கும் சிறு அரங்கு ஒன்றே நீக்கும்.

முதுகலை மாணவர்க்கு ஒன்று கூறுவோம். நாடகப் பிரதிகளை மட்டும் தேடுவோர் ஸ்பெஷல் நாடகத்தில் வெறுங்கையராய்த் திரும்புவர். பிரதிக்கு ஈடாக அங்கே இரண்டு ஆவணங்கள் உள. ஒன்று நோட்டீஸ்: ஊர், நாள், தெய்வம், நாடகம், நடிகர், ஆர்மோனியக் கலைஞர் அனைத்தும் ஒரு தாளில் இருக்கும். மற்றொன்று விழாக்குழுவின் வரவுசெலவு நோட்டு: எத்தனை தலைக்கட்டு, எவர் வரி கொடுத்தார், எவர் கொடுக்க விடப்படவில்லை, நாடகத்திற்கு எவ்வளவு, வாணத்திற்கு எவ்வளவு என்பன அதிற் காணலாம். முன்னதை நடிகர் வீட்டுப் பெட்டிகளிலும் அச்சகங்களிலும், பின்னதை ஊர்ப் பெரியவர் இல்லங்களிலும் இன்னும் காணக்கூடும். நோட்டு நிறைந்தவுடன் புதியது வாங்கிப் பழையதை எடைக்குப் போடும் வழக்கம் உண்டாதலின், தேடுவோர் அடுத்த மாசிக்கு முன்னரே புறப்படுதல் நலம்.